இறக்கை இல்லாத விருந்து

நோலீன் பாஸ்கோவுக்கு எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்டாக வேண்டும். மெல்போர்னுக்கு வடக்கே தொலைவில், கெராங் என்ற சிற்றூரின் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், படுக்கை விரிப்பில் ஒரு கறையைப் பார்த்தால் போதும், நேரே வார்டுக்கு ஏறிப் போய், "ஜன்னலோரத்துப் பெரியவருக்கு மருந்து ஒத்துக்கலையா?" என்று விசாரிப்பாள். "உனக்கு எதுக்கு அது? துணியைத் துவை" என்று தலைமை நர்ஸ் விரட்டுவாள். மறுநாள் வேறொரு கேள்வியோடு போய் நிற்பாள். அவள் ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டிய அதே நர்ஸ், "இனிமே எங்க வார்டுக்கு நிம்மதி" என்றாள். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

"அவளுக்குக் கேள்வி கேக்கற வியாதி. எனக்குப் பதில் சொல்லாத வியாதி. ரெண்டும் சேர்ந்துதான் எங்க குடும்பம் ஓடுது" என்பான் அவள் கணவன் கிளாரி. இடுப்பு மாற்று அறுவைக்குப் பிறகு அவன் நிறைய நடப்பதில்லை. உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை எதையும் கொடுக்கலாம்.

அவர்களுக்கு மாரிசன் சதுப்பின் கரையில் கொஞ்சம் மேய்ச்சல் நிலமும் சில கிடாரிகளும் இருந்தன. பதினான்கு வயதில் அப்பா துப்பாக்கியைக் கையில் கொடுத்ததிலிருந்து மார்ச் மாதம் வாத்து வேட்டைப் பருவம் பிறந்தால் நோலீன் அந்தச் சதுப்பில்தான் இருப்பாள். அழகை ரசிக்கப் போகிறேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வாத்து நல்ல இறைச்சி. பக்குவம் தெரிந்தால் மிருதுவாக வரும். செத்து நிற்கும் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் ரப்பர் காலுடையோடு நிற்பது அறுபது தாண்டிய முதுகுக்கு ஆகாது என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தே போவாள்.

ரொவேனா ஷுல்ட்ஸ் வேட்டை ஆணையத்தின் ஆய்வாளராகக் கெராங்குக்கு வந்த முதல் பருவத்திலேயே நோலீனின் பையைப் பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு பறவையாக எடுத்து இறக்கையை விசிறி மாதிரி விரித்து, வெயிலில் திருப்பிப் பார்த்து, புல்லில் வரிசையாக வைத்தாள். சுட்ட வாத்தில் ஒரு இறக்கையாவது முழு இறகுகளோடு உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும். வீடு போய்ச் சேரும்வரை, இல்லாவிட்டால் அடுப்பில் ஏறும் நேரம்வரை, அதை எடுக்கக் கூடாது. அந்த நாட்டில் சட்டம் அப்படி. இறக்கை போய்விட்டால் கருவாத்தா, சுடவே கூடாத புள்ளிவாத்தா என்று தோலை உரித்த உடம்பைப் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

"எல்லாம் சரியா இருக்கு. நன்றி, மிஸஸ் பாஸ்கோ."

"நோலீன்னே கூப்பிடு. டீ சாப்பிடறியா?"

"வேண்டாம்."

"காப்பி?"

"வேண்டாங்க."

"அந்த கேக்காவது ஒரு துண்டு?"

"நான் கிளம்பறேன், நோலீன்."

அடுத்தடுத்த பருவங்களிலும் இதே கதைதான். ரொவேனா தன் வண்டியில் தன் பிளாஸ்க்கை வைத்திருப்பாள். எட்டத் தள்ளி நின்று குடிப்பாள். நோலீனுக்கு இது தலையில் பூச்சி புகுந்தது மாதிரி ஆகிவிட்டது. சர்க்கரை வியாதியா? இல்லை, பிஸ்கட் தின்பதைப் பார்த்திருக்கிறாள். கர்வமா? கர்வக்காரி இவளை மாதிரி யாரோ ஒருவனின் வேட்டை நாய்க்கு உட்கார்ந்து முள் எடுத்துவிட மாட்டாள். "நீ போடற டீ அப்படி" என்றான் கிளாரி. அவன் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

டீ குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்தப் பெண் இருக்க வேண்டும் என்பதற்கு நோலீனிடம் ஒரு காரணம் இருந்தது. ரொவேனா வருவதற்கு முன்னால் இரவில் சாலையில் வண்டியை நிறுத்தி, விளக்கடித்து, கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுவிட்டுப் போகும் ஒரு கூட்டம் திரிந்தது. நோலீனின் சினைக் கிடாரி ஒன்று வயிற்றில் குண்டு வாங்கி வேலியோரம் கிடந்தது. அதை அவள் கையாலேயே முடித்து வைக்க வேண்டியிருந்தது. அப்போதிருந்த ஆய்வாளர்கள் மெல்போர்னிலிருந்து வருவார்கள், வரைபடம் பார்ப்பார்கள், போவார்கள். ரொவேனா இங்கேயே வீடு எடுத்துத் தங்கினாள். நோலீனின் வேலியோரத்தில் வண்டியை ஒளித்துக் காத்திருந்தாள். இரண்டு பேரைப் பிடித்து நீதிமன்றம் வரை இழுத்தாள். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் யாரும் விளக்கு அடிக்கவில்லை.

அப்படியிருக்கையில்தான் அந்த அறிக்கை வந்தது. முந்தைய பருவத்தில் தெற்கே ஓர் ஏரியில் சுடக்கூடாத பறவைகள் விழுந்தன. கரையில் நின்ற ஆய்வாளர்கள் யாரையும் பிடிக்கவில்லை. அரசாங்கம் வெளியாட்களை வைத்து விசாரித்தது. ஆணையத்தின் ஆய்வாளர்கள் தகுதியில்லாதவர்கள் என்ற பொருளில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரொவேனா அந்த ஏரிப் பக்கமே போனவள் இல்லை. இருந்தாலும் சட்டையில் இருக்கும் முத்திரை எல்லோருக்கும் ஒன்றுதானே. அவள் வண்டிக் கண்ணாடியில் யாரோ முட்டை அடித்தார்கள். கெராங் அலுவலகத்தை மூடிவிட்டு ஆட்களை மெல்போர்னில் மேசை வேலைக்குத் தூக்கிப் போடப் போகிறார்கள், குளிர்காலத்துக்குள் முடிவாகிவிடும் என்று பேச்சு அடிபட்டது.

சூப்பர் மார்க்கெட்டில் டப்பா அவரை அடுக்கின் முன்னால் ரொவேனா நிற்பதை நோலீன் பார்த்தாள். எதையும் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள். கழுத்து எலும்பு தெரிகிறது, நகம் சதைவரை கடிபட்டிருக்கிறது, தூங்கி நாளாகிறது என்று நோலீனின் கண் கணக்குப் போட்டது.

"எடை குறைஞ்சிருக்கே. டாக்டரைப் பார்த்தியா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"மூடப் போறாங்களாமே?"

"எனக்கே தெரியாது, நோலீன்." ஒரு டப்பாவை எடுத்துக் கூடையில் போட்டாள். "தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

வாத்து வேட்டைக்காரர் சங்கத்தின் கூட்டம் மதுக்கடையின் பின்னறையில் நடக்கும். சங்கத் தலைவன் வின்ஸ் கமிலேரி, மால்டாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, தக்காளி விவசாயி, உடம்பும் குரலும் பெரிது. அந்தக் கூட்டத்தில் நோலீன் எழுந்து, பருவம் திறக்கும் நாளில் சதுப்புக் கரையிலேயே ஆய்வாளர்களுக்கு ஒரு விருந்து வைக்கலாம் என்றாள். நாம் அவர்கள் பக்கம் நிற்கிறோம் என்று ஊருக்குத் தெரியட்டும்.

"யாருக்கு, ரொவேனாவுக்கா?" என்றான் வின்ஸ். "போன வருஷம் என் படகுல மிதவை அங்கி ஒண்ணு குறைஞ்சதுன்னு அபராதம் எழுதினா! நான் அவளுக்கு விருந்து வைக்கணுமா?"

"குறைஞ்சுதா இல்லையா?"

"குறைஞ்சுது. அதுக்கு?"

"உன்னை மாதிரி ஆள் தண்ணில விழுந்தா ஏரி கரை உடையும். அதைத் தடுத்திருக்கா. நன்றி சொல்லு."

பின்னறை சிரித்தது. சரித்து வைத்த தொப்பியோடு மூலையில் இருந்த டாரல், "அவ போனா அடுத்து வர்றவன் எப்படியிருப்பானோ. தெரிஞ்ச பேயே தேவலை" என்றான். அந்தப் பேச்சு எடுபட்டது. கல்யாணங்களில் முழுப் பன்றியைக் கம்பியில் குத்திச் சுடும் தன் சுழல் அடுப்பை டிரெய்லரோடு கொண்டுவருவதாக வின்ஸே ஒப்புக்கொண்டான். டாரல் பேனர் எழுதினான்: 'எங்கள் ஆய்வாளர்களோடு நிற்கிறோம்.' ரொவேனாவிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று முடிவாயிற்று. அந்த யோசனை நோலீனுடையது.

பருவம் திறந்த அன்று காலை காற்று இல்லை. எட்டு மணிக்குச் சுட அனுமதி. ஒன்பதரைக்குள் போதுமான பறவைகள் கரைக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் நோலீனே இறக்கை விரித்துப் பார்த்துத்தான் வாங்கினாள். கருவாத்து, சாம்பல் வாத்து, மர வாத்து. தப்பு ஒன்றுகூட இல்லை. பெரிய பானையில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. பறவையை மெழுகில் முக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஓடு மாதிரி உரித்தால் பூவிறகு மொத்தமும் வந்துவிடும். கிளாரி நாற்காலியில் உட்கார்ந்து கட்டையில் வைத்துக் கைக்கோடரியால் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

"இறக்கை?" என்றான் கிளாரி. காலையிலிருந்து பேசாதவன் அதை மட்டும் கேட்டான்.

"விரிச்ச இறக்கை பானைக்குள்ள இறங்காது. அடுப்புக் கம்பியிலயும் இடிக்கும். வின்ஸ் பத்து மணிக்கு வந்துடறான். வந்த உடனே கம்பில ஏத்தப் போறோம். ரெண்டையும் எடு."

அடுப்பில் ஏறும் நேரம் என்றால் அது சட்டப்படி சரிதான். வின்ஸ் பத்து மணிக்கு வந்திருந்தால் சரியாகவே இருந்திருக்கும்.

வின்ஸ் வரவில்லை. வாய்க்கால் ஓரத்து மண்பாதையில் ஒரு கறுப்புச் சேறு உண்டு. மேலே காய்ந்து கிடக்கும், கீழே கஞ்சி. நோலீன் வீட்டுப் பக்கத்துச் சரளைப் பாதையை விட்டுவிட்டுக் குறுக்கே வந்தவனின் டிரெய்லர் அச்சுவரை இறங்கிவிட்டது. இரண்டு வண்டிகள் இழுக்கப் போய், அதில் ஒன்றும் மாட்டிக்கொண்டது. வின்ஸ் முழங்கால்வரை சேறோடு கரைக்கு நடந்து வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

"டிராக்டர் சொல்லியிருக்கேன். இன்னும் ஒரு மணி நேரம்."

நோலீன் பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். நான்கு ஐஸ் பெட்டிகள் நிறைய, மொழுமொழுவென்று, குளித்துவிட்டு வந்த குழந்தைகள் மாதிரி வாத்துகள் கிடந்தன. அடுப்பு இல்லை. எந்த உடம்பு எந்தப் பறவை என்று காட்ட எதுவும் இல்லை.

"வின்ஸ், நாம தப்புப் பண்ணிட்டோம்."

"என்ன தப்பு? ஓ." அவனும் பெட்டிக்குள் பார்த்தான். "ஓ, கடவுளே. இறக்கையெல்லாம் எங்க?"

"சாக்குல."

"அப்ப எடு! ஜோடி சேர்த்துடலாம், சாக்ஸ் மாதிரி!"

சாக்கைக் கொட்டி உட்கார்ந்தே விட்டான். டாரலும் சேர்ந்துகொண்டான். "இது இதோட வலது தோள்." "அது சின்னதுடா, இதுக்கு எப்படிப் பொருந்தும்?" "மெழுகுல சுருங்கியிருக்கும்." "வாத்து சுருங்குமாடா, அது என்ன கம்பளிச் சட்டையா?" என்று இரண்டு பெரிய ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது ஆணையத்தின் வெள்ளை வண்டி கரையில் வந்து நின்றது.

ரொவேனாவோடு ஹர்விந்தர் என்ற சக ஆய்வாளர் இறங்கினார். அவர்கள் பின்னாலேயே இன்னொரு வண்டி. ஆரஞ்சு மேலங்கி போட்ட மூன்று பேர். வேட்டையை எதிர்ப்பவர்கள், அடிபட்ட பறவைகளை எடுத்துப் போய்ப் பார்ப்பவர்கள். அறிக்கை வந்த பிறகு ஆய்வாளர்கள் எங்கே போனாலும் அவர்கள் கேமராவோடு பின்னால் போனார்கள். அவர்களில் நரைத்த முடிக்காரப் பெண் ஒருத்தி பேனரைப் படித்துவிட்டு கேமராவைத் தூக்கினாள்.

ரொவேனாவும் பேனரைப் படித்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. மயங்கி விழப் போகிறாள் என்று நோலீன் நினைத்தாள், விழவில்லை.

"இதை யார் கட்டினது?"

"நாங்கதான். உங்களுக்காக. சாப்பாடும் இருக்கு, இருக்கப் போகுது."

"இறக்கிடுங்க, நோலீன். தயவுசெஞ்சு."

"ஏன்?"

ரொவேனா அவளைத் தள்ளிக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திப் பேசினாள். "அந்த அறிக்கையை நீங்க படிச்சீங்களா? நாங்க ஒண்ணும் தெரியாதவங்கன்னு மட்டும் எழுதல. உங்களோட ஒட்டிக்கிட்டிருக்கோம்னு எழுதியிருக்கு. உங்க கையால ஒரு டீ குடிச்சாலும் அதை நான் எழுதிக் கொடுக்கணும். எத்தனை வருஷமா வேண்டாம் வேண்டாம்னேன்? இப்ப விருந்தே வச்சு, பேனரும் கட்டி, அந்தம்மா படமும் எடுத்தாச்சு. இந்த ஒரு படம் போதும், எங்க அலுவலகத்தை மூட."

அத்தனை வருடம் குடைந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இவ்வளவு எளிதா, இதைப் போய் ஏன் யோசிக்கவில்லை என்று நோலீனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. உதவி செய்கிறோம் என்று வந்து கழுத்தில் கல்லைக் கட்டியிருக்கிறோம்.

அதற்குள் நரைத்த முடிக்காரி சத்தமாகக் கேட்டாள்: "அந்தப் பெட்டியில என்ன இருக்கு, ஆய்வாளர் அவர்களே? திறந்து பாக்க மாட்டீங்களா? இல்ல, விருந்தாளின்றதால விட்டுடுவீங்களா?"

வின்ஸ் எழுந்து போய் முதல் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பெட்டி முனகியது. டாரல் இரண்டாவதன் மேல் உட்கார்ந்தான். கிளாரி ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தான்.

"பானம்தான், மேடம். வெறும் பானம்" என்றான் வின்ஸ். அவன் கால் பக்கத்தில் ஒரு குவியல் இறக்கை.

ரொவேனா அந்த இறக்கைகளைப் பார்த்தாள். பிறகு நோலீனைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. அடுத்து என்ன வருகிறது என்று பார்க்கிற பார்வை. அவள் பெட்டியைத் திறக்கச் சொன்னால் ஊர்க்காரர்கள் மொத்தமும் எதிரி. சொல்லாவிட்டால் அறிக்கையில் எழுதியது அத்தனையும் உண்மை.

"எழுந்திரு, வின்ஸ்" என்றாள் நோலீன்.

"உளறாத."

"எழுந்திருன்னு சொன்னேன். உன் பாரத்துல மூடி உடைஞ்சா அது வேற கேஸ்."

அவன் எழுந்திருக்கவில்லை. நோயாளியைப் புரட்டுகிற மாதிரி நோலீன் அவன் அக்குளில் கை கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். சலவை மூட்டை தூக்கிய தோள். அவன் நகர்ந்தான். அவளே மூடியைத் திறந்தாள்.

"இறக்கை ஒண்ணுலயும் இல்ல. எடுக்கச் சொன்னது நான். அடுப்பு வந்துடும்னு நெனச்சேன், வரல. சுட்டவங்க எல்லாரும் இறக்கையோடதான் எங்கிட்ட கொடுத்தாங்க. வாங்கி வச்சது, வெட்டச் சொன்னது, வச்சிருக்கறது எல்லாம் நான்தான். என் பேர்ல எழுது."

"நோலீன், உன் உரிமம் போயிடும்!" என்றான் கிளாரி. அன்றைக்கு அவன் பேசிய இரண்டாவது வாக்கியம்.

"தெரியும்."

ரொவேனா ஹர்விந்தரிடம் பெட்டிகளைப் படம் எடுக்கச் சொன்னாள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"உங்க முழுப் பெயர்?"

கரையில் யாரோ பல்லிடுக்கில் சீறினார்கள். எத்தனை வருடமாகத் தெரிந்தவள், பெயரைக் கேட்கிறாள். ஆனால் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று நோலீனுக்குப் பட்டது. நேற்று கை பிடித்துச் சிரித்த நோயாளியிடமும் ஊசி போடும் முன் பெயரும் பிறந்த தேதியும் கேட்டாக வேண்டும். கேட்காத நர்ஸிடம்தான் பயப்பட வேண்டும்.

"நோலீன் ஐரிஸ் பாஸ்கோ" என்றாள், நிமிர்ந்து நின்று. முகவரியையும் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அந்த முகவரியின் வேலியோரத்தில்தான் ரொவேனா வண்டியை ஒளித்துக் காத்திருந்தாள்.

எழுதி முடித்து, வாத்துகளையும் சாக்கையும் ஹர்விந்தர் வெள்ளை வண்டியில் ஏற்றினார். அப்போதுதான் கரை வெடித்தது.

"இதுக்கா பேனர் கட்டினோம்?" டாரல் பேனர் கயிற்றை அறுத்தான். "நம்ம சாப்பாட்டையே தூக்கிட்டுப் போறா!"

"நன்றி கெட்டவ" என்றான் இன்னொருவன்.

"நன்றின்னா என்னடா?" நோலீன் அவன் பக்கம் திரும்பினாள். "நாம அவ பக்கம் நிக்கறோம்னு எழுதினியே. எதுக்கு நின்ன? நம்மள விட்டுடுவாங்கறதுக்கா?"

"அதுக்காக உன்னையே பிடிக்கறதா?"

"நான் தப்புப் பண்ணினேன், பிடிச்சா. விளக்கடிச்சவன் தப்புப் பண்ணினான், அவனையும் பிடிச்சா. அன்னிக்கு மட்டும் கை தட்டினியே? அந்தத் துணியைச் சுருட்டிப் போடு, வழியில கிடக்குது, யாராவது தடுக்கி விழுவாங்க. வின்ஸ், உன் பையை எடுத்து மேசைல வை."

"எதுக்கு?"

"அவ இன்னும் யார் பையையும் பாக்கல. பாக்க வேண்டாமா? காலையில வந்த வேலை அதுதானே?"

வின்ஸ் போய் விருந்துக்கு விரித்த வெள்ளைத் துணி மேலேயே தன் பையைக் கவிழ்த்தான். எல்லாம் இறக்கையோடு. சேறும் சேர்ந்து விழுந்தது. "பாரு, மேடம். மிதவை அங்கியும் ரெண்டு இருக்கு இந்தத் தடவை. வேணும்னா எண்ணிக்கோ."

ரொவேனா எண்ணினாள். ஒவ்வொரு இறக்கையையும் விரித்தாள். அவன் முடித்ததும் அடுத்தவன் வந்தான், முனகிக்கொண்டேதான் வந்தான். ஒருவனிடம் அனுமதிக்கு மேல் ஒரு பறவை அதிகம் இருந்தது, அவனுக்கும் எழுதினாள். நரைத்த முடிக்காரி எல்லாவற்றையும் படம் பிடித்தாள். நடுவில் ஒருமுறை கேமராவை இறக்கிவிட்டு, ஓரமாக நின்ற நோலீனிடம் வந்து, "நீங்க ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டாள். கேட்டவள் முகத்தில் கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். கேள்வி கேட்கிறவர்களை நோலீனுக்குப் பிடிக்கும்.

"எங்க ஊர்ல ஒரு ஆய்வாளர் வேணும். அதுக்கு இதுதான் விலைன்னா என்ன பண்றது? நீங்க சாப்பிட்டீங்களா?"

"நாங்க இறைச்சி சாப்பிடறதில்ல."

"இப்ப எங்களுக்கும் இல்ல" என்றாள் நோலீன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் ஆட்களிடம் போய்விட்டாள்.

வெள்ளை வண்டி கையசைக்காமல் போயிற்று. நாற்பது பேர் வெறும் ரொட்டியும் வெங்காயமும் தின்றார்கள். டிராக்டர் வந்து சுழல் அடுப்பை வெளியே இழுத்தபோது சுடுவதற்கு ஒன்றுமில்லை. யாரோ ஒரு தக்காளிப் பெட்டியைத் திறக்க, வின்ஸ் தக்காளியைக் கம்பியில் குத்திச் சுட்டான். "விருந்து" என்றான். இரண்டு மூன்று பேர் அன்றிலிருந்து நோலீனோடு பேசுவதை நிறுத்தினார்கள். டாரல் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவன் நாய்க்குக் காதில் சீழ் வைத்ததும் மருந்து கேட்டு வந்தான்.

படம் மறுநாள் மெல்போர்ன் பத்திரிகையில் வந்தது. பேனரும் தெரிந்தது, அதன் அடியில் அபராதம் எழுதும் ரொவேனாவும் தெரிந்தாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தவர் இரண்டையும் சேர்த்து என்ன சொல்வதென்று தெரியாமல் திணறியிருந்தார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று கெராங்கில் யாராலும் சொல்ல முடியவில்லை. நோலீன் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்கவில்லை. கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. வழக்கு முடியாதவள் ஆய்வாளரைக் கூப்பிட்டால் ரொவேனாவுக்குத்தான் ஆகாது என்று விழுங்கிக்கொண்டாள். அவளுக்கு அது பழக்கமில்லாத வேலை. கிளாரி ஆச்சரியப்பட்டான்.

உரிமம் போயிற்று. துப்பாக்கி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. குளிர்காலத்தில் வின்ஸ் ஒரு செய்தி கொண்டுவந்தான்: கெராங் கட்டடத்தை மூடியாகிவிட்டது, ஹர்விந்தர் பெண்டிகோ நகரத்துக்குப் போய்விட்டார். ரொவேனா? "தெரியல. வீட்டு வாசல்ல பெட்டி ஏத்தற வண்டி நின்னுச்சுன்னு ஒருத்தன் சொல்றான். இல்லவே இல்லன்னு இன்னொருத்தன் சொல்றான்." நோலீன் அந்த வீட்டு வழியாகப் போய்ப் பார்த்தாள். ஜன்னலில் திரை இருந்தது. திரை எதையும் சொல்லாது.

உரிமத்தைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் பறவைகளை அடையாளம் காணும் தேர்வை மறுபடி எழுத வேண்டும் என்று உத்தரவு. பறக்கும் பறவையைத் திரையில் காட்டுவார்கள். சில நொடிக்குள் அது என்ன, சுடலாமா கூடாதா என்று எழுத வேண்டும். நோலீன் அதை முதன்முதலாக எழுதிய காலத்தில் கிளாரிக்குத் தலையில் முடி இருந்தது.

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, ஊர் மன்றத்தின் கூடத்துக்கு அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனாள். கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவந்த அப்பாக்களும். யாரோ ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு திரையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆணையத்தின் சட்டை. நோலீன் வாசலிலேயே நின்றுவிட்டாள். உயரம் சரியாக இருந்தது. தோள் முன்பைவிடக் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அது நல்ல அறிகுறி. திரும்பட்டும் என்று காத்திருந்தாள்.

ரொவேனா திரும்பினாள்.

"மன்றத்தோட பின்னறையிலதான் இப்ப என் அலுவலகம்" என்று பொதுவாகக் கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். "இந்த மாவட்டத்துக்கு நான் மட்டும்தான். அதனால சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுக்கோங்க." அவள் கண் நோலீன் மேல் வந்து நின்றது. "எல்லாரும், ஒரு கேள்வியோட நிறுத்திக்கணும்."

"சரி" என்றாள் நோலீன், கேட்க ஒன்றும் இல்லாமல். மூன்றாவது வரிசையில் இடம் இருந்தது. உட்கார்ந்தாள். யாரோ விளக்கை அணைத்தார்கள். திரையின் இடது மூலையிலிருந்து முதல் பறவை கிளம்பி வந்தது. வேகமாக, தாழ்வாக, வெயிலுக்கு எதிராக. அது என்ன என்று பார்க்க அவள் முன்னால் குனிந்தாள்.